டென்வரின் புல்தரைக்குக் குளிர்காலத்திலும் தாகம்

மார்ச் கடைசியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரின் புறநகர்த் தெருக்களில் ஒரு நடை போய் வந்தால் இது கண்ணில் படும். தெற்கு பார்த்த வீடுகளின் முன்புறப் புல்தரையில், டிரைவ்வேயை ஒட்டியும் நடைபாதை ஓரத்திலும், வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் புல் காய்ந்து கிடக்கும். எதிர்வரிசையில் வடக்கு பார்த்த வீடுகளின் முன்னால் வாரக்கணக்கில் பனி உருகாமல் கிடந்திருக்கும். அங்கே புல் பிழைத்திருக்கும். குளிர்தான் புல்லைக் கொல்கிறது என்றால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இங்கே புதிதாக வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர் புல்தரையை வாழ்க்கையில் முதல் முறையாகப் பராமரிக்கிறவர்கள். அக்டோபரில் ஸ்பிரிங்க்ளரை அணைத்தாயிற்று, இனி ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பனி பெய்யும் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? ஆனால் டென்வரைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஊரில் குளிரையும் வறட்சியையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. எந்தப் புல்லை வைப்பது, மண்ணை என்ன செய்வது, எப்போது தண்ணீர் விடுவது, அரசு எதற்காகப் புல்தரைக்குச் சட்டம் போடுகிறது என்ற எல்லாக் கேள்விகளும் கடைசியில் வறட்சியிடம்தான் போய் நிற்கின்றன.

டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,609 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மேலேறும்போதே தன் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் இறங்கி வருவது காய்ந்த காற்று. மழையும் பனியும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 14 அல்லது 15 அங்குலம்தான், அதாவது 370 மில்லிமீட்டர் சுற்றி. ஜனவரி மாதத்தில் விழும் பனி முழுவதையும் உருக்கினாலும் அரை அங்குலம் தண்ணீர் தேறாது. வெள்ளை வெளேரென்று தெருவே மூடிக்கிடக்கும் படங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. இங்கே விழுவது பெரும்பாலும் பொடியான, உலர்ந்த பனி. ஒரு அடி உயரம் விழுந்தாலும் உருகினால் ஒரு அங்குலத் தண்ணீர் கிடைப்பதே பெரிது.

அதற்கு மேல் சினூக் காற்று. மலையிலிருந்து சரிந்து இறங்கும்போது இறுக்கப்பட்டு, சூடேறி, ஈரப்பதம் இன்னும் குறைந்து வரும் காற்று இது. காலையில் உறைநிலைக்குக் கீழே இருந்த ஊர், ஜனவரி மதியத்தில் 15 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே புதுமையில்லை. உயரமான ஊர் என்பதால் வெயிலுக்கும் உறைப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து தெற்குச் சரிவில் இருக்கும் பனியை ஒரே நாளில் காலி செய்துவிடும். அப்புறம் வெறும் தரை, காற்று, வெயில். புல்லின் உயிர் இருப்பது இலையில் அல்ல. தரைமட்டத்தில் வேரும் தண்டும் சேரும் குருத்து முடிச்சில். மண் உறைந்திருக்கும்போது வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, மேலே காற்றோ ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இப்படிச் சில வாரங்கள் போனால் குருத்து காய்ந்து செத்துவிடும். வடக்குப் பக்கத்தில் பனியே போர்வையாக இருந்து அந்தக் குருத்தைக் காப்பாற்றிவிடுகிறது. அங்கே வருவது வேறு தொல்லை: வெகுநாள் பனி மூடிக் கிடந்தால் சாம்பல் நிறப் பூஞ்சை படரும். ஆனால் அது பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். ரேக்கால் வாரிவிட்டுக் காற்றுப் படவிட்டால் புல் திரும்பி வந்துவிடும்.

காய்ந்த தெற்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் காத்திருக்கிறது, சிலந்திப்பேன். க்ளோவர் மைட், பேங்க்ஸ் கிராஸ் மைட் ஆகிய இரண்டும் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் பெருகும் பூச்சிகள். சுவர் ஓரம், ஊசியிலை மரத்தடி, வெயில் படும் சரிவு என்று உலர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, ஒரு வெள்ளைக் காகிதத்தைப் புல்லின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். சிவப்பாகவோ பச்சையாகவோ கோடுகள் விழுந்தால் இருக்கிறது என்று அர்த்தம். மருந்தைத் தேடி ஓடும் முன் அந்த இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் அவை பெருகுவதில்லை, பெரும்பாலும் அதுவே போதுமான வைத்தியம்.

ஆகவே குளிர்காலத்திலும் தண்ணீர் விட வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்களுக்குத் தோட்ட ஆலோசனை தரும் விரிவாக்கத் துறை பல வருடங்களாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: அக்டோபர் முதல் மார்ச் வரை, பனி மூடாத, காய்ந்த வாரங்கள் தொடர்ந்தால், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நனைக்க வேண்டும். வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில், நடுப்பகலில் விட வேண்டும். இரவு உறையும் முன் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். முழுத் தரைக்கும் தேவையில்லை. தெற்கும் மேற்கும் பார்த்த பகுதி, சரிவு, கான்கிரீட் ஓரம், போன இலையுதிர்காலத்தில் புதிதாகப் போட்ட புல், இவற்றுக்கு விட்டால் போதும். ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் அக்டோபரிலேயே கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றியிருப்பீர்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வெளியே நிற்கும் பித்தளை வால்வு முதல் உறைபனியிலேயே வெடித்துவிடும். எனவே சாதாரண ஹோஸைத்தான் இழுக்க வேண்டும். விட்டு முடித்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே விட்டால் தண்ணீர் உள்ளே உறைந்து சுவருக்குள் இருக்கும் பைப் பிளந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடு படவேண்டிய புல்லை இங்கே யார் கொண்டுவந்தார்கள்? கொலராடோவின் புல்தரைகளில் பெரும்பாலானவை கென்டக்கி ப்ளூகிராஸ். பெயரில் கென்டக்கி இருந்தாலும் அதன் பூர்வீகம் ஐரோப்பாவும் ஆசியாவின் வடபகுதியும். குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கு வந்து, கிழக்கின் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் காடாய்ப் பரவி, பிறகு வீட்டுத் தோட்டங்களுக்கு வந்தது. குளிரை அது பொருட்படுத்துவதே இல்லை. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகள் இருப்பதால் பிள்ளைகள் மிதித்துப் பிய்ந்த இடத்தை அதுவே மூடிக்கொள்ளும். கோடையில் தண்ணீர் நின்றால் பழுப்பாகி உறங்கிவிட்டு, மழை வந்ததும் எழுந்துகொள்ளும். இதெல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் ஒரு பருவத்துக்குச் சுமார் 25 அங்குலம் தண்ணீர் கேட்கும். வளரும் மாதங்களில் மழை கொடுப்பது ஏறத்தாழ 9 அங்குலம். மீதி 16 அங்குலத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். 1,000 சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க 2,360 லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஒரு சின்னத் தரைக்கே பருவத்துக்கு 38,000 லிட்டர் ஆகிறது. காற்றில் பறப்பது, நடைபாதையில் வழிவது எல்லாம் இதற்கு மேல்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஊருக்குத் தண்ணீர் வழங்கும் டென்வர் வாட்டர் நிறுவனத்தின் நீரில் ஏறத்தாழ பாதி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொலராடோ ஆற்றுப் படுகையிலிருந்து வருகிறது. 1962-இல் முடிந்த ராபர்ட்ஸ் சுரங்கம் டில்லன் நீர்த்தேக்கத்தின் தண்ணீரை மலைக்கடியில் சுமார் 37 கிலோமீட்டர் தூரம் கொண்டுவந்து கிழக்கே விடுகிறது. மேற்கே ஓடி, ஏழு மாநிலங்களும் மெக்ஸிகோவும் பங்குபோட வேண்டிய ஆற்றின் நீர் அது. 1922-இல் அந்த ஆற்றைப் பங்கு பிரித்தபோது, அது உண்மையில் கொடுக்கக்கூடியதைவிட அதிகமாகக் கணக்கிட்டுவிட்டார்கள். அதன் சுமை இன்றுவரை தொடர்கிறது. டென்வரில் தனி வீடுகள் செலவிடும் தண்ணீரில் பாதிக்கு அருகில் வெளியே தோட்டத்துக்கும் புல்லுக்கும் போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாரும் உட்காராத, யாரும் விளையாடாத, புல் வெட்டுகிறவர் மட்டுமே கால் வைக்கிற புல்லுக்காக ஒரு மலையைக் குடைந்த தண்ணீர் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் புல்தரைகள் தோற்பது அங்கேதான். இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் களிமண். சுண்ணாம்பு நிறைந்தது, கார அமிலக் குறியீடு 7.5-க்கு மேலே, மக்கிய இலைதழைச் சத்து மிகக் குறைவு. புது வீடு கட்டும்போது இருந்த கொஞ்ச மேல்மண்ணையும் சுரண்டி எடுத்து, கனரக வண்டிகளை மாதக்கணக்கில் ஓட்டி, செங்கல் போல் இறுக்கி, அதன் மேல் சுருட்டி விற்கும் புல் பாயை விரித்துவிட்டுப் போய்விடுவதும் நடக்கிறது. முதல் கோடை அழகாக இருக்கும். வேர் கீழே இறங்காமல் பாயின் கனத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாம் மூன்றாம் கோடையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வாடும்.

புல் போடுவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரே ஒரு வாய்ப்பை விடக் கூடாது. 1,000 சதுர அடிக்கு மூன்று நான்கு கன கஜம் நல்ல கம்போஸ்டைப் பரப்பி, ஆறு அங்குல ஆழத்துக்குக் கிளறிக் கலக்க வேண்டும். செலவுதான், முதுகு ஒடியும் வேலைதான். ஆனால் பின்னால் பத்து வருடம் உரத்துக்கும் தண்ணீருக்கும் கொட்டுவதைவிட இது மலிவு. களிமண் இளகட்டும் என்று மணலைக் கலக்காதீர்கள், கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். ஏற்கெனவே புல் நிற்கும் தரையில் கிளற முடியாது. அங்கே மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்கும் ஏரேஷன்தான் வழி. வெறும் முள் குத்துகிற கருவி வேண்டாம். இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி மேலே போடும் இயந்திரம் வேண்டும். முந்தின நாள் தரையை நன்றாக நனைத்திருந்தால்தான் அது ஆழமாக இறங்கும். பிடுங்கிப் போட்ட மண் உருளைகளை வாரக் கூடாது, அவை தானே கரைந்து இறங்கிவிடும்.

ஜூன் மாதத்தில் புல் மஞ்சளானால் எல்லோரும் நைட்ரஜன் உரத்தை வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு இலையைப் பறித்து உற்றுப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து நடுவே மஞ்சளாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கிறது. சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் விடுவது இதை இன்னும் மோசமாக்கும். இரும்புக் கரைசலை இலையில் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். கிழக்கு மாநிலங்களுக்காக எழுதிய குறிப்புகளில் வருடாவருடம் சுண்ணாம்புத்தூள் போடச் சொல்வார்கள். அங்கே மண் புளிப்பு, அதனால் சரி. இங்கே அதைச் செய்தால் பூட்டின் மேல் இன்னொரு பூட்டு.

கோடைத் தண்ணீரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை, அளந்து விட வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு டூனா டின்களைத் தரையில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரு டின்னில் அரை அங்குலமும் இன்னொன்றில் கால் அங்குலத்துக்குக் குறைவாகவும் இருந்தால், அந்த இரண்டாவது டின் இருந்த இடம்தான் ஆகஸ்டில் பழுப்பாகப் போகிறது. ஒரு மூலை காய்கிறது என்று முழுத் தரைக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் ஊர் வழக்கம். சாய்ந்து நிற்கும் ஒரு ஸ்பிரிங்க்ளர் தலையை நிமிர்த்தினாலே பல சமயம் வேலை முடிந்துவிடும். களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். இருபது நிமிடம் ஒரேயடியாக ஓட்டினால் பாதி சாக்கடைக்குப் போகும். ஏழு நிமிடம் ஓட்டி, முக்கால் மணி நேரம் விட்டு, மறுபடி ஏழு நிமிடம் என்று பிரித்தால் உள்ளே இறங்கும். டென்வர் வாட்டரின் வழக்கமான கோடை விதி, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், காலை 10 முதல் மாலை 6 வரை வேண்டாம் என்பது. வறட்சி ஆண்டுகளில் இன்னும் இறுக்குவார்கள். மூன்று நாளே போதும் என்பது என் கருத்தும். நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே படிந்திருந்து, புல் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்குப் போனால்தான் அதற்கு உண்மையில் தாகம். புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் விடுவதும் தண்ணீர் விடுவதற்குச் சமம்; தரையில் நிழல் விழுந்து ஈரம் நிற்கும். வெட்டிய துணுக்குகளைப் பையில் பிடிக்காமல் அங்கேயே விழவிடுங்கள்.

உரம், விதை இரண்டுக்கும் இங்கே இலையுதிர்காலம்தான் நேரம். வசந்தத்தில் கொட்டும் நைட்ரஜன் இலையைத்தான் வளர்க்கும், அதற்கும் சேர்த்துத் தண்ணீர் விட வேண்டிவரும். செப்டம்பரில் போடுவது வேருக்கும் சேமிப்புக்கும் போகும். விதைப்பதற்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்லது: மண் இன்னும் சூடாக இருக்கும், காற்று தணிந்திருக்கும், களையும் குறைவு. ப்ளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், அதற்குள் பலர் விதை கெட்டுப்போனது என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

எந்தப் புல் என்பதில் இப்போது தேர்வு கூடியிருக்கிறது. டால் ஃபெஸ்க்யூ என்ற புல், களிமண்ணை முறையாகத் தயார் செய்திருந்தால் இரண்டு மூன்று அடி ஆழம் வேர் விடும். கீழே இருக்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்கும். மேல்மண் இறுகிக் கிடந்தால் அந்தத் திறமை வீண். இந்த மண்ணிலேயே பிறந்தவை பஃபலோ கிராஸும் ப்ளூ கிராமாவும். 1987-இல் கொலராடோ தன் மாநிலப் புல்லாக அறிவித்தது ப்ளூ கிராமாவைத்தான். அதன் கதிர் ஒரே பக்கமாக, கண்ணிமை மயிர் போல் நீட்டிக்கொண்டு நிற்கும். ப்ளூகிராஸ் கேட்பதில் பாதித் தண்ணீரோ அதற்கும் குறைவோ கொடுத்தால் இவை பச்சையாக நிற்கும். ஆனால் இவை வெயில் காலப் புற்கள். மே நடுவில்தான் பச்சை வரும், செப்டம்பர் கடைசியில் போய்விடும். மற்ற மாதமெல்லாம் இளம்பழுப்பு. நிழலில் வராது, தினமும் பந்து ஆடினால் தாங்காது. நம் ஊர் அருகம்புல்லை இங்கே வளர்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: அதே குடும்பம்தான் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெர்முடா புல். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டஹோமா 31 போன்ற குளிர் தாங்கும் ரகங்கள் அதில் வந்திருக்கின்றன. அவையும் குளிர்காலம் முழுக்கப் பழுப்பாகத்தான் கிடக்கும், பூப்பாத்திக்குள் ஊர்ந்து போகும் அதே பழைய குணமும் உண்டு.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. வறண்ட நிலத்துக்கேற்ற தோட்டக் கலைக்கு ஸெரிஸ்கேப் என்ற பெயரை 1981-இல் உருவாக்கியதே டென்வர் வாட்டர்தான். 2022-இல் மாநிலம் புல்தரையை அகற்றுகிறவர்களுக்குப் பண உதவித் திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டென்வரை ஒட்டிய அரோரா நகரம் புதிய வீடுகளின் முன்புறத்தில் ப்ளூகிராஸ் போன்ற புற்களுக்குத் தடை போட்டது. 2023-இன் சட்டம், தண்ணீர் சிக்கனத் தோட்டத்தைக் குடியிருப்போர் சங்கங்கள் மறுக்க முடியாதபடி செய்தது. 2024-இல் நிறைவேறிய இன்னொரு சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் வணிக வளாகங்கள், நிறுவனங்கள், சாலை நடுத்திட்டுகள் ஆகியவற்றில் புதிதாக அலங்காரப் புல் போட முடியாது. பிளாஸ்டிக் புல்லும் அந்தத் தடைக்குள் வருகிறது. ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கையும் சேர்த்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கோடை வெயிலில் அதன் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் ஓடும் பின்கொல்லையில் ப்ளூகிராஸ் இருக்கட்டும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல புல் இந்த ஊரில் இல்லை. தெருவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் குறுகிய பட்டை, தெற்குச் சரிவு, வீட்டுக்கும் வேலிக்கும் இடையிலான சந்து ஆகியவற்றைத்தான் முதலில் விட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் சாவதும் கோடையில் தண்ணீரை வீணாக்குவதும் அந்த இடங்களே. மாற்ற நினைத்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழைய புல் பச்சையாக இருக்கும்போதே அதை அழித்துவிட்டு, மண் சூடேறும் மே கடைசியில் உள்ளூர்ப் புல்லை விதைக்கலாம். முதல் கோடையில் களைதான் அதிகம் தெரியும். களை விதை கட்டும் முன் உயர்த்தி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், உரம் போடக் கூடாது. தரை மூட இரண்டு வருடமாவது ஆகும்.

இதில் பலர் மறப்பது மரத்தை. அந்தப் புல்தரையில் நிற்கும் மேப்பிளோ ஆஷ் மரமோ இத்தனை வருடம் புல்லுக்கு விட்ட தண்ணீரில்தான் வாழ்ந்திருக்கும். புல்லை எடுத்ததும் ஸ்பிரிங்க்ளரையும் மூடிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் மரம் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். அடிமரத்தின் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பத்து கேலன், அதாவது 38 லிட்டர் வீதம், கிளைகள் விரிந்திருக்கும் வட்டத்துக்குள் மெதுவாக இறங்கும்படி விட வேண்டும். குளிர்காலத்தின் காய்ந்த மாதங்களுக்கும் இதே அளவுதான்.